சல்லடைக்காரியின் வயிற்றில் மூன்று பேர்

சல்லடைக்காரியின் வயிற்றில் இருந்த மூத்த பிள்ளைக்குப் பால்பற்கள் எல்லாம் முளைத்து முடிந்த வருஷத்தில்தான் ஊரில் சோப்பு விலை ஏறியது. இரண்டையும் ஊர் ஒரே மூச்சில் பேசித் தீர்த்தது. சோப்பைப் பற்றித்தான் கொஞ்சம் கூடுதலாகப் பேசியது என்று சொல்ல வேண்டும். பிள்ளை பழகிப்போன விஷயம். பத்து மாதம் கழிந்தும் வராத பிள்ளையைப் பற்றி முதல் வருஷம் எல்லோரும் வாய் ஓயாமல் பேசினார்கள். அடுத்த வருஷம் வேறு பேச்சு இல்லாதபோது மட்டும் பேசினார்கள். அதற்கப்புறம் அவளை வழியில் பார்த்தால், பஸ் வந்துவிட்டதா என்று விசாரிப்பதுபோல "இன்னும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். அவளும் "இன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று வருஷக்கணக்கில் லீவு போட எந்த ஆபீசில் விடுவார்கள்?

அவள் வேலை ஆற்றங்கரையில், ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில். ஆற்றுத் தண்ணீர் குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஆள் உயர இரும்புச் சல்லடை ஒன்று உண்டு. இலை, குச்சி, கிழிந்த துணி, ஒற்றைச் செருப்பு என்று ஆறு கொண்டுவருவதெல்லாம் அதில் வந்து அப்பும். எல்லாவற்றையும்விட அதிகமாக அப்புவது நத்தை. கட்டைவிரல் பருமன் இருக்கும், பாசி நிற ஓட்டில் பழுப்புக் கோடு ஓடும். தண்ணீர் எங்கே இழுக்கிறதோ அங்கே வரும். வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, அரம் மாதிரி இருக்கும் நாக்கால் அதில் படிந்த பாசியை நாள் முழுக்க நக்கும். கைபட்டால் உடம்பை உள்ளே இழுத்து, காலோடு ஒட்டியிருக்கும் வட்ட மூடியால் வாசலைச் சாத்திக்கொள்ளும். காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் அவள் படி இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, நீளக் கைப்பிடி போட்ட சுரண்டியால் அவற்றை வழித்து வாளியில் அள்ளுவாள். தூக்கிக்கொண்டு போய்க் கரையோரம் மேற்பக்கத்தில் விடுவாள். அவை ஆற அமர நகர்ந்து மறுபடி சல்லடைக்கே வந்து சேரும். அவளுக்கும் நத்தைகளுக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் பல வருஷமாக நடந்துவந்தது, லாபம் யாருக்கும் இல்லை. ஒரு நாள் முழுக்கச் சுரண்டாமல் விட்டால் சல்லடை அடைத்துப்போகும், மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடித்து நின்றுபோகும். அப்படி நடந்ததே இல்லை.

நடக்க விடாதவர் அவள் கணவர். அவர்தான் மோட்டார்க்காரர். பம்ப் ஹவுஸில் மோட்டார் இரண்டு. ஒன்று பழுதாகிப் படுத்தே கிடந்தது. அதற்கான சாமான் வந்துகொண்டிருப்பதாக எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்றது அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஒரு நிமிஷம் நிற்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் காலத்தில், நல்ல வெயிலில் மோட்டார் நின்று ஊர் தொண்டை காய்ந்தது. ஜனங்கள் வெறும் வாளியோடு வந்து ஜன்னலையெல்லாம் நொறுக்கினார்கள். உதவியாளாக நின்றிருந்த இவர் புருவத்தில் கல் பட்டது. அன்றைக்குத் தையல் போட்டுக்கொண்டே முடிவு செய்தாராம், என் கையில் மோட்டார் நிற்காது என்று. மனுஷர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் காப்பாற்றிய சொல்லின் சத்தம் வீட்டுக்கும் ஆற்றுக்கும் தெருவுக்கும் சேர்த்து இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. வீடு என்றால் பெரிய வீடு இல்லை. மோட்டார் அறையின் சுவரிலேயே ஒட்டிக் கட்டிய இரண்டு அறை, ஒரு சமையல் மேடை. மேடைக்கு மேலே பலகையில் கண்ணாடி டம்ளர்கள். மூலையில் தையல் மெஷின். அது அவருடைய அக்காவின் சொத்து. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தம்பியோடு தங்கிவிட்ட நாத்தனார், ஊருக்கெல்லாம் துணி தைத்தாள். அவள் தையல் எந்த நாளும் நேர்கோட்டில் போனதில்லை. நூலைத் திட்டுவாள், ஊசியைத் திட்டுவாள், துணிக்குச் சொந்தக்காரர்களையும் திட்டுவாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று ஒரு சட்டை தைத்து வைத்திருந்தாள். பிள்ளை வரவில்லை என்றதும் பிரித்துக் கொஞ்சம் பெரிதாகத் தைத்தாள். அதற்கடுத்த வருஷம் மறுபடி பிரித்தாள்.

பிள்ளையை வெளியே எடுக்க யாரும் முயற்சி செய்யவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நாத்தனார் விளக்கெண்ணெய் கொடுத்தாள். குண்டும் குழியுமான ரோட்டில் போகும் பஸ்ஸாகப் பார்த்து, கடைசி சீட்டில் உட்காரவைத்து, போகவும் வரவும் டிக்கெட் எடுத்தாள். வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து, "வெளிய வா, மிட்டாய் வாங்கித் தரேன்" என்று கொஞ்சினாள். மறு வாரம் "வரியா இல்ல ஸ்கேலை எடுக்கட்டுமா?" என்று மிரட்டினாள். உள்ளேயிருந்து இரண்டு தட்டு கேட்கும். வர மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பிள்ளை அழகாக வளர்ந்து, வாசல் பக்கமாக உட்கார்ந்து, ஒரு வட்ட மூடியை இழுத்துச் சாத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

"குழந்தைக்கு ஒரு குறையும் இல்ல. உள்ள இருந்து தாழ்ப்பா போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கத்தி மூடியில் பட்டு வழுக்கிக்கொண்டு போனது. வேறு கத்தி எடுத்தார்கள், அது வளைந்தது. டாக்டரம்மா மேல்தோலைத் தைத்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அவர் மேலும் தப்பில்லை. படித்த புத்தகத்தில் இருந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டார். பிற்பாடு எடுத்த ஸ்கேன் ஒன்றில், மூத்ததுக்குப் பின்னால் இன்னொன்று நிற்பது தெரிந்தது. அதற்கும் பின்னால் சில காலம் கழித்து மூன்றாவதாக ஒன்று, விரல்நகம் அளவுக்கு. இது எப்படி என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில்தானே இருந்தார்கள். மூத்தது வழிவிட்டால்தான் மற்றது வர முடியும். மூத்தது வழிவிடுவதாக இல்லை. ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி மூன்றும் உள்ளே வரிசையில் நின்றன.

அவளோ அலுத்துப்போனாள். அலுப்பு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் போதுமா தெரியவில்லை. காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு நாள் வேலையை முடித்த களைப்பு. ஒருக்களித்துப் படுத்தால் மூத்தது உதைக்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்து தூங்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கணவருடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். பார்க்கிறவர்கள் எல்லோரும் "கொஞ்சம் உட்காரும்மா" என்று அக்கறையாகச் சொல்வார்கள், சொன்ன கையோடு ஒரு வேலையும் சொல்வார்கள். தண்ணீரில் நிற்கிற நேரத்தில் மட்டும் வயிற்றின் பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். அதனால் சல்லடை வேலை அவளுக்குப் பிடிக்கும் என்று ஊரில் சொன்னார்கள். பிடித்தெல்லாம் இல்லை, வேறு வேலை அதைவிட மோசம்.

இப்படி இருக்கும்போதுதான் நத்தை டீச்சர் திரும்பி வந்தார். காலேஜில் பாடம் எடுப்பவர். அந்த ஆற்று நத்தையைத் தவிர வேறு எதிலும் அவருக்கு நாட்டம் கிடையாது. அவர் எழுதுவதை யாரும் படிப்பதில்லை, அவரும் விடுவதில்லை. தீராத ஜலதோஷமும் முட்டி வலியுமாக ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்குவார். பல வருஷத்துக்கு முன்னால் பம்ப் ஹவுஸ் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, ஆற்றுத் தண்ணீர் அதன் வழியாக ஓடும்படி செய்து, அதில் கொஞ்சம் நத்தைகளை விட்டவர் அவர்தான். நத்தை மூடிக்கொண்டால் தண்ணீரில் ஏதோ கெட்டது கலந்திருக்கிறது, உடனே தண்ணீரை ஊருக்கு விடாமல் ஆற்றுக்கே திருப்பிவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். மறு மாசமே அவரை வேறு ஊர் காலேஜுக்கு மாற்றிவிட்டார்கள். சொன்னதைப் பம்ப் ஹவுஸ் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது. நத்தை மூடினால் வால்வைத் திருப்புவார்கள், திறந்தால் மறுபடி திருப்புவார்கள், மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றே ஒன்றுதான் விளங்கவில்லை. மேலதிகாரி பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் நத்தைகள் பட்டென்று மூடிக்கொண்டன. அதிகாரி வந்தாலே தண்ணீர் கெட்டுப்போகிறது என்று பம்ப் ஹவுஸில் எல்லோரும் மனதார நம்பினார்கள். அதிகாரிக்கும் அந்தச் சந்தேகம் உள்ளூர இருந்தது.

டீச்சர் வந்த அன்று காலையிலிருந்தே தொட்டி நத்தைகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் இல்லை, போன் விடாமல் அடித்தது. மோட்டார்க்காரர் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். சல்லடைக்காரி ஈரத்துணியோடு மூச்சு வாங்கக் கதவோரம் நின்றாள். டீச்சர் தொட்டியைப் பார்க்கவில்லை, தொட்டிக்குக் கீழே பார்த்தார். தொட்டியை அவர் ஒரு பழைய லாரி ட்யூபின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடி உடையாமல் இருக்கத்தான் ட்யூப் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இப்போது அது காற்று இறங்கிச் சப்பையாகக் கிடந்தது. டீச்சர் மூக்கைச் சிந்திவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைக் கேட்டு வாங்கி, முட்டி வலியோடு குனிந்து நின்று காற்றடித்தார். தொட்டி மெல்ல எழும்பியது. நத்தைகள் ஒவ்வொன்றாக மூடியைத் தள்ளிக்கொண்டு கொம்பை நீட்டின. ஆணுக்கு வலது கொம்பு மட்டும் தடித்து வளைந்திருக்கும், பெண்ணுக்கு இரண்டும் நேராக இருக்கும். நேர்க்கொம்புள்ள பெரிய நத்தை ஒன்று கண்ணாடியில் ஏறி நின்றது. அதன் கழுத்தோரத்திலிருந்து மிளகளவு நத்தை ஒன்று முழுசாக, ஓட்டோடும் மூடியோடும், ஓட்டில் வரிசை வரிசையாகப் பூனைமயிரோடும் வெளியே வந்து விழுந்து, எழுந்து, நடந்து போயிற்று. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

சல்லடைக்காரி வாளியைக் கீழே வைத்தாள். "முட்டை போடாதா டீச்சர்?"

"இந்த ஜாதி போடாது. வயித்துலயே வச்சு வளர்க்கும். மூத்தது வாசல்கிட்ட, சின்னது பின்னால, வரிசையா நிக்கும். வெளிய சரியா இருந்தாத்தான் விடும். இல்லன்னா வருஷம் திரும்பினாலும் விடாது."

"தண்ணி சரியாயிடுச்சா இப்போ?"

"தண்ணிக்கு என்ன கேடு? தண்ணி நல்லாத்தான் இருந்தது. அதிருதுல்ல, அதுக்குத்தான் மூடிக்கிட்டிருந்துச்சு. பூட்ஸ் போட்டுக்கிட்டு யாராவது தொம்முதொம்முனு நடந்து வந்தாலே மூடிக்கும்."

"எது அதிருது?" என்று கேட்டார் மோட்டார்க்காரர். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

 டீச்சர் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து மேசைமேல் வைத்தார். தண்ணீர் ஓயாமல் வளையம் வளையமாக நடுங்கியது. பம்ப் ஹவுஸில் வேலை செய்கிற அத்தனை பேரும் அதைச் சுற்றி நின்று, ஏதோ வெளியூர் அதிசயத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் நடுங்காத தண்ணீரைப் பார்த்து ரொம்பக் காலமாகியிருந்தது. பிறகு எல்லோரும் ஒட்டியிருந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். பலகையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி மெல்ல மணியடித்துக்கொண்டிருந்தன. கட்டில் கால்கள் தரையில் குழி பறித்திருந்தன. நாத்தனார் மெஷினில் துணியைப் போட்டாள், ஊசி இடமும் வலமுமாகக் கோணிக்கொண்டு ஓடியது. "அடப்பாவிங்களா, இதுக்கா நான் இத்தனை நாள் நூலைத் திட்டினேன்!" என்றாள் அவள். யாரும் சொல்லாமலே எல்லோருடைய பார்வையும் சல்லடைக்காரியின் வயிற்றில் போய் நின்றது.

அன்று டீச்சரை வழியனுப்பப் படிவரைக்கும் அவள் போனாள். "அதிர்வு நிக்கவே இல்லன்னா அதுங்க என்ன செய்யும் டீச்சர்?"

"வச்சிருக்கும். முடிஞ்ச வரைக்கும் வச்சிருக்கும்."

"முடியலன்னா?"

டீச்சர் கைக்குட்டையைத் தேடினார், ரொம்ப நேரம் தேடினார். "ஆத்து மண்ணுல கெடக்குற ஓட்டை நான் எடுத்துப் பாக்குறது உண்டும்மா. தாய் போயிருக்கும். உள்ள குட்டிங்க வரிசையா அப்படியே இருக்கும்." சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது அவருக்கு. கண் கலங்கியது, அதை ஜலதோஷத்தின் தலையில் போட்டுவிட்டுப் போனார்.

டாக்டரம்மாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் நல்ல வார்த்தைகளில். இதயம் மூன்று பேருக்கும் சேர்த்து அடித்து அடித்துத் தளர்ந்துவிட்டது, மழைக்காலம் வரைக்கும் தாங்கினால் பெரிய விஷயம் என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச வேறு விஷயம் இல்லாமல் போயிற்று. மோட்டார்க்காரர் தன்னால் முடிந்ததைச் செய்தார். நான்கு லாரி ட்யூப் வாங்கி வந்து, காற்றடித்து, கட்டிலின் நான்கு காலுக்கும் கீழே கொடுத்தார். கட்டில் ஆற்றில் விட்ட பரிசல் மாதிரி ஆடியது. அவளுக்கு வாந்திதான் வந்தது, பிள்ளை வரவில்லை. வயிற்றின்மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் அப்போதும் நடுங்கியது. ஊருக்கு மறுபக்கத்தில் இருந்த அவளுடைய தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அவள் போய் உட்கார்ந்த நாழிகையிலேயே தங்கை வீட்டு டம்ளர்களும் மணியடிக்கத் தொடங்கின. ஜன்னல் கண்ணாடி படபடத்தது. புரை ஊற்றிய பால் உறையவே இல்லை. தங்கை நல்லவள்தான், நான்கு நாள் பொறுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் "அக்கா, தப்பா எடுத்துக்காதே" என்று ஆரம்பித்தாள். அவள் முடிக்குமுன்பே இவள் பையை எடுத்துக்கொண்டாள். அதிர்வு எலும்புக்குள் போய்விட்டது, அவள் எங்கே இருந்தாலும் அந்த மோட்டார் ஓடுகிறவரைக்கும் அவள் உடம்பிலும் ஓடும் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

"ஏங்க, ஒரே ஒரு நாள் நிறுத்துங்களேன்" என்று கேட்டாள்.

"ஒரு நாளா? நீ பாத்ததில்ல. வெறும் வாளிய தூக்கிக்கிட்டு வந்தவங்க மூஞ்சிய நான் பாத்திருக்கேன். அந்த இன்னொரு மோட்டாருக்கு சாமான் வரட்டும். வந்துட்டா அதை ஓட்டிட்டு இதை நிறுத்திடலாம்."

"சாமான் எப்போங்க வரும்?"

"வந்துக்கிட்டே இருக்குன்னு இன்ஜினியர் சொன்னார்."

"நானும் போய்க்கிட்டே இருக்கேன்" என்றாள் அவள். அவர் எழுந்து மோட்டார் அறைக்குப் போய்விட்டார். கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிடலாம், சுலபம். அவர் அங்கே போய் மோட்டாரின் மேல் கைவைத்து நின்று அழுதார். அதன் சத்தத்தில் அவர் அழுதது யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். நாத்தனாரும் தம்பியிடம் சண்டை போட்டுப் பார்த்தாள். சாப்பாடு போட மாட்டேன் என்றாள், அவர் சாப்பிடாமலே வேலைக்குப் போனார். இன்ஜினியரிடம் போய்க் கேட்டார்கள். ஒரு குடும்பத்துக்காக ஊருக்கே எப்படித் தண்ணீரை நிறுத்துவது என்று அவர் ரொம்ப வருத்தத்தோடு கேட்டார். வருத்தப்படாதவர் ஒருவர்கூட இல்லை. மோட்டார் மட்டும் ஓடியது.

பிறகு ஒரு நாள் காலை, மற்ற காலைகளைப் போல ஒரு காலை, மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அவள் சுரண்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். இடுப்பளவு தண்ணீருக்குப் போனாள். சல்லடையில் நத்தைகள் நெருக்கியடித்து ஒட்டியிருந்தன. ஒன்றன் முதுகில் ஒன்றாக, சின்னதும் பெரியதுமாக. சுரண்டியைத் தூக்கினாள். தோள்வரைக்கும் வந்தது, அதற்குமேல் போகவில்லை. கையை யாரும் பிடிக்கவில்லை, வலிகூட இல்லை. இத்தனை வருஷமாகத் தூக்கிய கை இனித் தூக்க மாட்டேன் என்றது, அதோடு வாதாட அவளிடம் தெம்பு இல்லை. கோபமும் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டும். "போங்கடா" என்றாள், யாரிடம் என்று அவளுக்கே தெரியாது. சுரண்டியைப் படிமேல் வைத்தாள். ஏறி வந்து, ஈரத்தைக்கூடத் துடைக்காமல் படுத்துவிட்டாள்.

அன்று பூராவும் நத்தைகள் வந்தன. விலக்க ஆளில்லை என்பது ஆற்றில் எப்படிப் பரவியதோ, மேற்பக்கத்திலிருந்தும் கீழ்ப்பக்கத்திலிருந்தும், சேற்றுக்குள் புதைந்திருந்ததும் கல்லுக்கடியில் கிடந்ததும் எல்லாம் கிளம்பி வந்து சல்லடையைப் பிடித்துக்கொண்டன. பொழுது சாயும் நேரத்தில் கம்பி கண்ணுக்குத் தெரியவில்லை. மோட்டாரின் குரல் மாறியது. அந்தக் குரலைத் தன் மூச்சுபோல அறிந்தவர் மோட்டார்க்காரர். அவர் ஓடிவந்தார்.

"சல்லடை சுரண்டலையா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"கை வரலைங்க."

"மோட்டார் நின்னுடும்மா!"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "நிக்கட்டும்" என்றாள்.

அவர் படிக்கு ஓடினார். சுரண்டியை எடுத்துக்கொண்டு உடுப்போடு தண்ணீரில் இறங்கினார். அந்தப் படியில் அவர் இறங்கி எத்தனையோ வருஷமாகியிருந்தது. ஓங்கி ஒரு வழி வழித்தார், கை அளவு இடம் தெரிந்தது. இன்னொன்று வழித்தார், அதற்குள் முதல் இடம் அடைத்துக்கொண்டது. தண்ணீர் இழுத்த இழுப்பில் சுரண்டி கையை விட்டுப் போகப் பார்த்தது. இரும்பு அவ்வளவு கனக்கும் என்று அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது, மூச்சு இரைத்தது. அவர் வயிற்றில் யாரும் இல்லை. இதை அவள் மூன்று பேரைச் சுமந்துகொண்டு காலையும் மாலையும் செய்தாள் என்பது அந்த இடத்தில், அந்த வலியில்தான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாளும் மோட்டாரை ஓட்டியது தான் இல்லை என்பதும் உறைத்தது. இன்னும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம், வலுவான மனுஷர்தான். அவர் சுரண்டியை ஆற்றோடு விட்டுவிட்டுப் படியில் ஏறி உட்கார்ந்தார். உள்ளே மோட்டார் ஒரு தடவை இருமியது. மறுபடி இருமியது. பிறகு நின்றது.

ஊர் முழுக்க அந்த நிமிஷம் எல்லோரும் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். என்ன போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை, ஏதோ போயிற்று. மோட்டார் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று ஆயுசு முழுக்க உரக்கப் பேசிப் பழகியவர்கள், தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். வீட்டில் நாத்தனார் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து தம்பி பெண்டாட்டியின் வயிற்றின்மேல் வைத்தாள். இரண்டு பேருமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளையம் பெரிதாக வந்தது, சின்னதாக வந்தது, அப்புறம் தண்ணீர் அப்படியே நின்றது.

"அண்ணி, டம்ளரை எடுங்க" என்றாள் அவள். "திறக்குது."

டப்பா மூடியை நெம்பினால் வருகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். மூத்தது தலையை நீட்டியது, தோளை நீட்டியது, தரையில் காலை ஊன்றி எழுந்து நின்றது. பெண் குழந்தை. பால்பற்கள் அத்தனையும் வாயில் இருந்தன. மயிர் தோள்வரைக்கும் வரிசை வரிசையாக இறங்கியிருந்தது. அழவில்லை. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தது, சுவரில் கையை வைத்துப் பார்த்தது, தரையில் உள்ளங்காலை அழுத்திப் பார்த்தது. திருப்தியானதும் அம்மாவின் பக்கம் குனிந்து உள்ளே குரல் கொடுத்தது.

"வாங்க, நின்னுடுச்சு."

இரண்டாமவன் வந்தான். அவனால் நேராக நிற்க முடிந்தது, நடை மட்டும் கொஞ்சம் தள்ளாட்டம். மூன்றாவது கைக்குழந்தை, அதை அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வந்தான். அது மட்டும் ஊரில் பிறக்கும் குழந்தைகளைப் போல வீல் என்று அழுதது. நாத்தனார் அதற்குப் பதிலுக்கு அழுதாள். சட்டையை மூத்தவளுக்குப் போட்டுப் பார்த்தாள், அளவு சரியாக இருந்தது. வலித்ததா என்று பிற்பாடு கேட்டவர்களிடம், "எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு" என்று மட்டும் சல்லடைக்காரி சொல்லியிருக்கிறாள். அப்போது அவள் மூன்று பேரையும் தொட்டுப் பார்த்தாள், சின்னதை மாரில் போட்டுக்கொண்டாள், கண் தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் குழாயில் காற்று வந்ததும் ஊர் கிளம்பிற்று. வாளியும் குடமும் டின்னுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் இன்ஜினியர், அவருக்கு முன்னால் மேலதிகாரி. வாளிகள் முட்டி மோதிச் சத்தம் போட்டன. மோட்டார்க்காரர் வாசலில் நின்றார். கல் வந்தால் வரட்டும் என்று கையைக்கூட உயர்த்தவில்லை. அவருடைய காலை ஒதுக்கிக்கொண்டு மூத்தவள் வெளியே வந்தாள். அத்தனை ஜனத்தையும் அண்ணாந்து பார்த்தாள். யாருடைய குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும், வருஷக்கணக்கில் கேட்டவள்தானே.

"சத்தம் போடாதீங்க. அம்மா தூங்குறாங்க."

மேலதிகாரி பூட்ஸை அசைக்காமல் நின்றார். "எப்பம்மா எந்திரிப்பாங்க?" என்று கேட்டார்.

"தெரியல" என்றாள் அவள். "நாங்க வயித்துக்குள்ள வந்ததுல இருந்து இப்பதான் தூங்குறாங்க."

 கூட்டத்தில் ஒரு பெண் தன் வாளியின் கைப்பிடியைச் சத்தம் வராமல் மடக்கிப் பிடித்துக்கொண்டாள், பார்த்துவிட்டு மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் படி இறங்கி, ஆற்றில் மொண்டு, காய்ச்சிக் குடிப்பதற்கென்று சுமந்துகொண்டு போனார்கள். அதிகாரியும் ஒரு டின்னைப் பிடித்தார். சல்லடைக்காரி எத்தனை நாள் தூங்கினாள் என்பதில் இன்றைக்கும் ஊரில் இரண்டு கட்சி உண்டு, அந்தத் தகராறு நமக்கு வேண்டாம். அவள் தானாக எழுந்து முகம் கழுவும்வரைக்கும் யாரும் மோட்டாரைப் போடவில்லை.